தோளில் வைத்துத் தைத்த பஞ்சு

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது. நலம் விசாரிக்கும் முதல் பக்கத்தை வழக்கம்போல் தாண்டிவிட்டேன். உடம்பு சரியில்லாதவன் இத்தனை பக்கம் எழுத மாட்டான். கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியதுபோல் நீ எழுதியிருந்த சில வரிகளுக்குத்தான் இந்தப் பதில். மணவறையில் மூன்று முடிச்சையும் அக்காவே போட்டுவிடட்டும், நான் கயிற்றைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறேன், ஒரு சால்வையைக் குறுக்கே பிடித்தால் யாருக்கும் தெரியாது, சட்டைக்கு மேல் கோட்டும் போட்டுக்கொள்கிறேன் என்கிறாய். கூட்டம் எந்தப் பக்கம் உட்காரும் என்பதைக்கூட யோசித்திருக்கிறாய். பாலங்களுக்கு வரைபடம் போடுகிற எஞ்சினீயர் தன் கல்யாணத்துக்கும் ஒன்று போட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பாலம் நிற்காது. உன் கடிதம் தபாலில் வந்துகொண்டிருந்த நாளில் நான் மேலூரில், பெண்வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, முதல் முடிச்சை என் மகன் தன் இரண்டு கைகளாலும் போடுவான் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது இந்தக் கல்யாணம் அந்த வாக்கின்மேல்தான் நிற்கிறது. ஏன் கொடுத்தேன், அதை நீ எப்படி நிறைவேற்றப் போகிறாய் என்று இரண்டையும் எழுதுகிறேன். நீளும். ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டு படி.

ஊரார் பிள்ளைகளின் எலும்பையும் நரம்பையும் பற்றி அவர்கள் தாய்மாரிடம் மணிக்கணக்கில் பேசியவள் நான். உன் தோளைப் பற்றி உனக்கு ஒருமுறையாவது ஒழுங்காகச் சொன்னதில்லை. சிறுவயதில் உனக்குப் புரியாது என்று நினைத்தேன். பெரியவனானபின் நீ கேட்கவில்லை. உடம்பில் தோளைப்போல் துணிச்சலாகக் கட்டப்பட்ட மூட்டு வேறு இல்லை. இடுப்பு மூட்டு ஆழமான கிண்ணத்துக்குள் பந்து இறங்கியதுபோல் உட்கார்ந்திருக்கும். நம்பகமானது, ஆகையால் அதிகம் திரும்பாது. தோளிலோ, தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்போல் ஒரு பெரிய உருண்டை ஒரு சிறிய குழிவின்மேல் சாய்ந்து நிற்கிறது. அதை உருண்டோடாமல் பிடித்து வைத்திருப்பது எலும்பன்று. சுற்றியுள்ள நான்கு சிறு தசைகள். அந்தக் குழிவைத் தாங்கும் தோள்பட்டை எலும்பும் முதுகில் எதனோடும் பூட்டப்படவில்லை. முன்னால் காறை எலும்பு என்ற ஒற்றைக் கம்பு முட்டுக்கொடுக்கிறது. மற்றபடி அது தசைகளில்தான் தொங்குகிறது. நாலு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டிய பந்தல்கால் என்று வைத்துக்கொள், உனக்குப் புரியும். இப்படித் தளர்வாகக் கட்டியிருப்பதால்தான் மனிதனால் தன் முதுகைச் சொறியவும் பிறர் கழுத்தில் மாலையிடவும் முடிகிறது. கையைத் தலைக்கு மேல் தூக்குகிறபோது வேலையில் பாதிக்கு மேற்பட்டதை மூட்டு செய்கிறது. மிச்சத்தைத் தோள்பட்டை எலும்பே முதுகின்மேல் சுழன்று முடித்துக்கொடுக்கிறது. இந்த மிச்சத்தை மறந்துவிடாதே. பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தத் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகள் கழுத்திலிருந்து ஐந்து வேர்களாக இறங்கி, சேர்ந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, ஒரு பின்னலாகி அக்குளுக்குள் போகின்றன. சென்னையில் படித்த காலத்தில் அந்தப் பின்னல் எனக்கு மனத்தில் நிற்கவே இல்லை. ஆண் மாணவர்கள் அதற்கு ஆங்கிலத்தில் ஏதோ ஆபாசமான வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். எங்களுக்குச் சொல்லித்தர வெட்கப்பட்டார்கள். ஆகவே நான் மதுரையை வைத்துக்கொண்டேன். ஐந்து வேரும் ஊருக்குள் வரும் ஐந்து சாலைகள். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது மேலூர்ச் சாலை. அடுத்தது அழகர்கோவில் சாலை. இரண்டும் கோரிப்பாளையத்தருகே ஒன்றாகி வைகைப் பாலத்தைக் கடக்கின்றன. நடுவே திண்டுக்கல் சாலை எவரோடும் சேராமல் தனியே வருகிறது. கீழே திருமங்கலம் சாலையும் அருப்புக்கோட்டைச் சாலையும் தெற்கே கூடுகின்றன. உள்ளே வந்தபின் எல்லாம் கலந்து மூன்று தடித்த கயிறுகளாகி, கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியைச் சூழ்ந்துகொள்கின்றன: ஒன்று வெளிப்பக்கம், ஒன்று உட்பக்கம், ஒன்று பின்பக்கம். மாசி வீதியில் அம்மன் சப்பரத்தை விட்டு விலகாமல் ஆட்கள் நடந்து வருவதுபோல், அந்தத் தமனியை விட்டு அவை விலகுவதில்லை. பிணக்கூடத்தில் எனக்கும் இன்னொரு பெண்ணுக்கும் சேர்த்து ஒரு கையைக் கொடுத்தார்கள். யாரோ ஒரு சுமைகூலியுடையது. தசையைப் பார்த்தே தொழில் தெரிந்தது. அக்குளின் கொழுப்பை விலக்கி முடித்தபோது, உள்ளே மதுரை அப்படியே இருந்தது. எனக்கு ஊர்ப்பற்று என்று ஏதாவது இருந்தால் அது அன்றைக்கு உண்டானதுதான்.

உனக்கு அடைபட்டது கோரிப்பாளையம்.

முப்பத்தெட்டு வயதில் உன்னைப் பெற்றேன். கருவுற்று வரும் பெண்களிடம் காலையில் இனிப்பைக் குறை என்று சொல்லிவிட்டு, மாலையில் வீட்டில் அதிரசம் தின்றேன். நீ பெருத்தாய். நான் பழக்கிய நர்ஸ் சாராள்தான் பிரசவம் பார்த்தாள். தலை வந்தது, தோள் என் இடுப்பெலும்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. "அம்மா, தலை வந்துருச்சு. தோளு அசைய மாட்டேங்குது. புள்ளை மொகம் நீலமா மாறுதும்மா" என்று சாராள் அழத் தொடங்கினாள். "அழுறத அப்புறம் வச்சுக்க. ஆயாவை என் காலை நல்லா மடக்கிப் பிடிக்கச் சொல்லிட்டு, நீ இழு" என்றேன். "கை போயிரும்மா" என்றாள். "கை போனா பாத்துக்கலாம். ஆளு போனா என்னத்தைப் பாக்குறது? இழுடி." அவள் இழுத்தாள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு கணம் கூடியது. மேலூர்ச் சாலையும் அழகர்கோவில் சாலையும் சேருமிடத்தில் சில இழைகள் அறுந்தன. நீ அழுதாய். இரண்டு மணிக்கட்டிலும் நாடி ஒன்றுபோல் அடிக்கிறதா என்று படுத்தபடியே பார்த்தேன்; அடித்தது. தமனி தப்பிவிட்டது, விரல்களுக்குப் போகும் தெற்குச் சாலைகளும் தப்பிவிட்டன என்று தெரிந்தபின்தான் தூங்கினேன். பள்ளிக்கூடத்தில் எவனோ கேலி செய்தான் என்று வந்து, யார் இழுத்தது என்று நீ கேட்டபோது, நான்தான் இழுக்கச் சொன்னேன் என்றேன். சில நாள் என்னோடு பேசாமல் இருந்தாய். இன்று கேட்டாலும் பதில் அதுதான். மறுபடி அதே நிலை வந்தாலும் சாராளுக்கு அதே கட்டளைதான்.

கை உடம்போடு ஒட்டி, உட்புறம் திரும்பி, உள்ளங்கை பின்னால் பார்த்தபடி தொங்கியது. உன் அப்பா கோர்ட்டிலிருந்து வந்து, வக்கீல் கோட்டைக்கூடக் கழற்றாமல் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தார். "நம்ம கோர்ட்டு டவாலி பின்னால கைய நீட்டி மாமூல் வாங்குவானே, அப்படியே வச்சிருக்கான்" என்றார். அவர் வருத்தப்படும் விதம் அது. நான் மரச்சட்டம் ஒன்று செய்யச் சொல்லி, உன் கையைத் தோளுக்கு மேல் தூக்கி, உள்ளங்கை முன்னால் தெரியும்படி கட்டி வைத்தேன். சுருங்கும் தசை சுருங்கிப்போகாமல் இருக்க அதுதான் வழி. திருமங்கலத்திலிருந்து வந்த உன் அத்தை தொட்டிலருகே நின்று, "என்ன மதினி, புள்ளை எந்நேரமும் கையைத் தூக்கிக்கிட்டே இருக்கான்? ஏலம் கேக்குறானா? பாத்து, அண்ணன் வீட்டையே எடுத்துறப் போறான்" என்றாள். அந்த வீட்டில் அன்றுதான் எல்லோரும் சிரித்தோம். முழங்கையை மடக்கும் தசை முதலில் விழித்துக்கொண்டது. தோளின்மேல் கவிந்திருக்கும் முக்கோணத் தசை, கையை மேலே தூக்குவதற்கென்றே உள்ள தசை, பாதிதான் விழித்தது. அதற்கு வரும் நரம்பு மேல்கை எலும்பின் கழுத்தைப் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வருகிறது. வழியில் தவறு ஒன்றுமில்லை, புறப்படும் இடத்தில்தான் ஆள் குறைந்துவிட்டது.

நீ நடக்கப் பழகியபின் நான் உன்னைச் சுவரில் விரல்களால் ஏற வைத்தேன். நினைவிருக்கும். சமையற்கட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு, விரல் விரலாக மேலே போ என்பேன். நீ கோட்டைத் தொடுவாய்; ஆனால் உடம்பைச் சாய்த்து, தோளைக் காதுவரை ஏற்றி, முழங்கையைக் கொம்பு ஊதுகிறவனைப்போல் வெளியே விரித்துத் தொடுவாய். "ஏமாத்துறே" என்று முழங்கையில் தட்டுவேன். "தொட்டேன்ல" என்பாய். இந்த வழக்கு நமக்குள் பல வருஷம் நடந்தது, தீர்ப்பு எப்போதும் என் பக்கம்தான், ஏனென்றால் நீதிபதியும் நானே. பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. கழுத்தின் பின்னிருந்து தோள்வரை விரிந்து கிடக்கும் பெரிய தசைக்கு நரம்பு இந்த ஐந்து சாலைகளில் எதன் வழியாகவும் வருவதில்லை. மண்டையோட்டின் அடியிலிருந்து தனிவழியில் இறங்குகிறது. கோரிப்பாளையம் அடைபட்டாலும் அதற்குக் கவலையில்லை. மூட்டு செய்யாத வேலையை, அந்தத் தசையைக் கொண்டு, தோள்பட்டையை ஏற்றி நீ செய்துகொண்டிருந்தாய். உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நான் படித்த படிப்பு உனக்கு எதிராக வேலை செய்தது. அதற்காக இப்போது அழப்போவதில்லை, தட்டியது மெதுவாகத்தான்.

பஞ்சு உன் அப்பாவின் யோசனை. நீ கல்லூரிக்குப் போகிற சமயத்தில் காஜிமார் தெரு மீரான் பாயிடம் உன்னை அழைத்துப்போனார். இடது தோள் ஒடுங்கிக் கிடந்ததைப் பார்த்த மீரான் பாய், "இதுக்கா சார் மொகத்தை இப்படி வச்சிருக்கீங்க? உள்ளாற கொஞ்சம் பஞ்சு வச்சுத் தைச்சா முடிஞ்சது. அல்லா குறைச்ச எடத்துல நாம நிரப்பக் கூடாதுன்னு எங்கயும் சொல்லலியே" என்றாராம். அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நீ வீட்டுக்குள் நுழைந்தபோது உன் நடை நிமிர்ந்திருந்தது. மூட்டுக்கு இல்லாத பலனை முதுகுக்குத் தந்த பஞ்சை நான் ஏன் குறை சொல்ல வேண்டும்? ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் நீ இன்னும் கொஞ்சம் என்றாய். மீரான் பாய் தாராளமானவர்; கேட்டதற்கு மேல் கொடுப்பவர். உன் அப்பா போனபின்னும் அது நிற்கவில்லை. போன வருஷம் பெண்வீட்டுக்கு அனுப்ப எடுத்த போட்டோவில் நீ போட்டிருந்தது அவர் தைத்தவற்றிலேயே தாராளமான கோட்டு. போட்டோவை நானும்தான் பார்த்தேன். தாய் என்பதால் உன் முகத்தைப் பார்த்தேன். மேலூர்க்காரர் தோளைப் பார்த்திருக்கிறார்.

நாள் குறித்தபின் ஒருதரம் வந்து போகும்படி அவர் ஆள் அனுப்பியிருந்தார். பெட்ரோல் பஞ்சத்தால் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடும் அந்த பஸ்ஸில் ஏறி, புகையும் நானுமாக மேலூர் போய்ச் சேர்ந்தேன். நீ மாமா என்று அழைக்கப்போகும் மனிதருக்கு அரிசி ஆலையோடு நல்ல மாடுகளும் உண்டு. மோர் கொடுத்தார்கள். அவருடைய தங்கை, பெண்ணுக்கு அத்தை, தூணோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் உன் போட்டோவைக் கையில் எடுத்துக்கொண்டு கனைத்தார். "தப்பா எடுத்துக்கிறாதீங்க டாக்டரம்மா. மாட்டுச் சந்தையில பழகுன கண்ணு. தோளு இறங்கின மாட்டை தூரத்துல பாத்தாலே தெரிஞ்சுபோயிரும். கேக்காம இருந்தா தூக்கம் வர மாட்டேங்குது. மாப்பிள்ளைக்கு வலது தோளுக்கு என்ன? இளைச்சாப்ல இருக்கே."

தம்பி, நான் சிரித்துவிட்டேன். இத்தனை வருஷம் நிரப்பி நிரப்பி, கடைசியில் உன்னிடம் இருந்த ஒரே நல்ல தோளை நோயாளியாக்கியிருக்கிறீர்கள் நீயும் மீரான் பாயும். அந்த இடத்தில் வேண்டுமானால் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வலதுக்கு ஒன்றுமில்லை, போட்டோக்காரன் கோணலாக எடுத்துவிட்டான் என்றால் அவர் நம்பியிருப்பார். ஆனால் உன் மனைவி உன் கோட்டோடு குடித்தனம் நடத்தப் போவதில்லை. "வலதுக்கு ஒண்ணுமில்லை. அது அவன் சொந்தத் தோளு. குறை இருக்கிறது இடதுல. அதுல நீங்க பாக்குறது பஞ்சு" என்றேன்.

சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எம்புட்டுப் பஞ்சு?"

"ஏய் சொர்ணம், உள்ள போடி" என்றாள் அத்தை. சொர்ணம் உள்ளே போகவில்லை. வெளியே வந்து நின்றாள். நல்ல உயரம், நேரே பார்க்கிற கண். உனக்கு எழுதியதை எல்லாம், சாலைகளோடும் சப்பரத்தோடும், அவர்களுக்குச் சொன்னேன். மாமா கடைசிவரை கேட்டுவிட்டு, "பொறக்குற புள்ளைகளுக்கும் வருமா?" என்றார். "சேத்துல விழுந்து காலை ஒடிச்சுக்கிட்ட மாடு போடுற கன்னு நொண்டியாவா பொறக்குது?" என்றேன். அது அவருக்குப் பிடித்தது. ஆனாலும் முகம் தெளியவில்லை. "அப்ப ஏம்மா மறைச்சீங்க?" "மறைச்சது தப்புத்தான். ஒழுங்காவும் மறைக்கத் தெரியலை, பாத்தீங்கள்ல." அவர் மீசைக்குள் சிரித்தது தெரிந்தது. அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும். தாலியை யாரு கட்டுறது? பின் ரெண்டு முடிச்சு நாத்தனா போடுவா, சரி. முதல் முடிச்சும் அவளே போட்டா, அவ இவளுக்கு நாத்தனாவா, புருசனா? மாப்பிள்ளை கையால முதல் முடிச்சு விழலேன்னா எங்க குடும்பத்துல அதுக்குப் பேரு கல்யாணம் இல்லை." மாமா போட்டோவைக் கீழே வைத்தார். "தங்கச்சி சொல்றதுல நான் குறுக்க பேச முடியாது டாக்டரம்மா. அவர் கையால கட்டுவாருன்னா, பஞ்சு கிஞ்சு எல்லாத்தையும் மறந்துர்றேன். முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. மனசு நோகாமப் பிரிஞ்சுக்கலாம்." நான் சொர்ணத்தைப் பார்த்தேன். அவளும் என் பதிலுக்குத்தான் காத்திருந்தாள். "கட்டுவான்" என்றேன்.

"எப்படி?" என்றாள் அவள். ஒரு டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி அது.

ஒரு துண்டு கேட்டு வாங்கி, என் இடது மேல்கையை விலாவோடு சேர்த்து இறுக்கிக் கட்டச் சொன்னேன். முழங்கைக்குக் கீழே மட்டும் விடுதலை. உன் கை இதைவிட நன்றாகத் தூக்கும். ஆகவே இந்தச் சோதனை உனக்குச் சலுகை காட்டியதன்று. எதில் கட்டிப் பார்ப்பது என்பதில் சிக்கல் வந்தது. கைம்பெண் நான், சொர்ணத்தின் கழுத்தில் விளையாட்டுக்குக்கூடக் கயிறு போட அந்த வீடு ஒப்பாது. ஒரு கல்யாணத்துக்கு ஒரு சண்டை போதும். முக்காலியில் பித்தளைக் குடத்தை வைத்தார்கள். சொர்ணம் அதைப் பார்த்துவிட்டு, "குடத்துக்குக் கழுத்து இருக்கு, தலை இல்லையே. தலை மறிச்சாத்தானே கையை மேல தூக்க வேண்டியிருக்கும்? அப்பா, நீங்க உக்காருங்க" என்றாள். அந்தப் பெரிய மீசைக்காரர் மறுபேச்சில்லாமல் மணையில் உட்கார்ந்தார். அரிசி மூட்டை தைக்கும் சணல் கயிறு வந்தது. முதலில் வழக்கப்படி அவர் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்து முயன்றேன். என் கழுத்து உயரத்துக்கு அவர் கழுத்து. கை அங்கே போகவேண்டுமானால் முழங்கை தோள்மட்டம் ஏறவேண்டும். ஏறவில்லை. அத்தை தூணோரத்தில் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு எழுந்து அவர் பின்னால் போய் நின்றேன். அவர் உட்கார்ந்திருக்க நான் நின்றால், அவர் பிடரி என் வயிற்றுக்கு நேரே இருக்கிறது. கயிற்றின் இரு நுனிகளையும் சொர்ணம் முன்னாலிருந்து இரண்டு பக்கமும் நீட்டினாள். அந்த உயரத்தில் தோள் மூட்டுக்கு வேலையே இல்லை. முழங்கை மடங்கினால் போதும், கை உட்புறம் திரும்பினால் போதும். உன் கை பிறந்ததிலிருந்தே உட்புறம் திரும்பித்தான் இருக்கிறது. மிச்சம் விரல்களின் வேலை. முடிச்சு விழுந்தது.

"டாக்டரம்மா, பாத்து. கழுத்து இறுகுது" என்றார் மாமா. "நல்லவேளை அண்ணே, மஞ்சக் கயிறா இல்லை" என்றாள் அத்தை. அவள் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. ஆனாலும் விட்டுக்கொடுத்துவிடவில்லை. "பின்னால நின்னு கட்டுற வழக்கம் இங்கிட்டு இல்லை" என்றாள். "முடிச்சுக்குத்தானே அத்தை வழக்கம்? நிக்கிற எடத்துக்கா?" என்றாள் சொர்ணம். அத்தை அண்ணனைப் பார்த்தாள். அவர் கழுத்தைத் தடவிக்கொண்டே, "முடிச்சு விழுந்துருச்சு தங்கச்சி. நானே சாட்சி. இதை யாராச்சும் அவுத்து விடுங்க" என்றார். அவிழ்க்க முடியவில்லை, அரிவாள்மணையில்தான் அறுத்தார்கள். இப்படியாக உன் கல்யாணம் இரண்டாந்தடவையாக நிச்சயமாயிற்று.

ஆகவே நீ செய்யவேண்டியதை எழுதுகிறேன். உன்னோடு தங்கியிருக்கும் நண்பனை நாற்காலியில் உட்கார வைத்துப் பழகு. சணல் வேண்டாம். முடிச்சை இறுக்கும்போது உன் இடது முழங்கை கொம்பு ஊதுகிறவனைப்போல் விரியும்; விரியட்டும். தோள்பட்டை காதை நோக்கி ஏறும், ஏறட்டும். அந்த மிச்சம் உன் சம்பாத்தியம், அதை நான் இனி ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பந்தலில் நானூறு கண்கள் அதைப் பார்க்கும். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விடும். கல்யாண வீட்டில் எந்த அதிசயமும் பந்தி வரைக்கும்தான். உன் அக்கா எதிரே நின்று நுனிகளை நீட்டுவாள், பிறகு தன் இரண்டு முடிச்சையும் போடுவாள், அவளிடம் சொல்லிவிட்டேன். என்னைத் தூணுக்குப் பின்னால் உட்கார வைக்க யாராவது நினைத்தால், உன் கை தெளிவாகத் தெரிகிற தூணாகப் பார்த்து நானே உட்கார்ந்துகொள்வேன்.

கல்யாணத்துக்கு முன் மகனுக்கு அறிவுரை சொல்வது வழக்கம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். நான் புறப்படும்போது அத்தை என்னைத் தனியே அழைத்து, சொர்ணத்துக்குக் குழம்பு வைக்க வராது, கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள், கணக்கில் மட்டும் கெட்டிக்காரி என்று சொன்னாள். குறையைச் சொல்லி விற்ற பொருளில் பிறகு வழக்கு வராது என்று உன் அப்பா சொல்வார். இப்போது இரண்டு பக்கமும் சொல்லியாயிற்று. அவள் கோபத்தில் படுத்துக்கொண்டால் எழுப்பாதே, பசி எழுப்பும். உனக்குக் கை வலித்தால் வலிக்கிறது என்று சொல். முப்பது வருஷம் உன் அப்பாவோடு வாழ்ந்தேன். அவர் வருத்தப்படும்போதெல்லாம் கோர்ட்டு டவாலியைப் பற்றி ஏதாவது சொல்வார், நான் அதை மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். அது ஒருவகை சந்தோஷந்தான். ஆனால் நேராகச் சொல்லியிருந்தால் நேரம் மிச்சமாயிருக்கும்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது சொர்ணம் என்னோடு வந்து நின்றாள். "அத்தே, ஒரு சேதி. அன்னைக்கி கோட்டு வேணாம்னு சொல்லுங்க. அவுக தோளு எது, மீரான் பாய் தோளு எதுன்னு எனக்குக் குழம்பிப் போயிரும்" என்றாள். மறுநாள் காலையில் உன் பெட்டியைத் திறந்தேன். கல்லூரிக் கோட்டிலிருந்து போட்டோக் கோட்டுவரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காஜிமார் தெருவுக்குப் போனேன். மீரான் பாய்க்குக் கண் மங்கிவிட்டது. தையலைத் தடவியே கண்டுபிடித்துப் பிரித்தார். "நல்ல பஞ்சும்மா, கம்பம் பக்கத்து இலவம். தூக்கிப் போடாதீங்க" என்றார். போடவில்லை. அங்கேயே வெள்ளைத் துணியில் உறை தைக்கச் சொல்லி, எல்லாவற்றையும் அதில் திணித்து வாங்கி வந்தேன். சென்னையில் நீ போட்டுக்கொண்டிருக்கும் கோட்டிலிருந்து எடுப்பதையும் கொண்டுவா, ஒரு மூலை சற்றுத் தளர்ந்திருக்கிறது. முகூர்த்தப் புடவைத் தட்டோடு அது மேலூருக்குப் போகிறது. எம்புட்டுப் பஞ்சு என்று அவள் கேட்டதற்கு அன்று எவரும் பதில் சொல்லவில்லை. நீ சொல்: ஒரு சின்னத் தலையணை அளவு.

உன் அம்மா